கதவடித் துணி

பேய்க்கு லிங்கராஜ் என்றைக்கும் பயந்ததில்லை. பேய் வருகிறது என்று சொல்கிறவர்கள் முகத்தைப் பார்த்தால்தான் அவனுக்குப் பயம். நேற்று சாயங்காலம் துப்பறியும் ஆபீசுக்கு வந்து, வாங்கிக் கொடுத்த காப்பியைத் தொடாமலே உட்கார்ந்திருந்த அந்தக் காயல்பட்டினத்துப் பெண்ணின் முகம் அந்த ரகம்.

பெயர் ஸஹ்லா. துறைமுகச் சாலையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. போன மாதம் அதே கூடத்தின் இருட்டறைக்குள் செத்துக் கிடந்த ருஷ்தா இவளுக்குப் பெரியம்மா மகள். ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். அக்காளை அவர்கள் ஊரில் லாத்தா என்பார்கள். பேசும்போது நாலு வார்த்தைக்கு ஒரு தடவை லாத்தா வந்துகொண்டிருந்தாள்.

இருட்டறையில் திரவ நைட்ரஜன் கேன் ஒன்று மூடி சரியாக இல்லாமல் இருந்திருக்கிறது. அது ஆவியாகி ஆவியாகி அறையில் இருந்த நல்ல காற்றையெல்லாம் வெளியே துரத்திவிட்டது. அதற்கு வாசமும் கிடையாது, இருமலும் வராது. தலை சுற்றுகிறதே என்று நினைப்பதற்குள் ஆள் தரையில். விபத்து என்றுதான் முதலில் எல்லோரும் சொன்னார்கள். பிறகுதான் கதவடித் துணி ஞாபகத்துக்கு வந்தது.

இருட்டறைக் கதவுக்கு அடியில் விரலளவு இடுக்கு உண்டு. அது வழியாக வெளிச்சம் நுழையாமலிருக்க, சுருட்டித் தைத்த கறுப்புத் துணி ஒன்றை வெளியிலிருந்து அடைத்து வைப்பது அந்தக் கூடத்து வழக்கம். தாழ்வாரத்தில் வெயில் ஏறாத நேரத்தில் துணி கதவோரத்து ஆணியில் தொங்கும். ருஷ்தா உள்ளே போன அன்று காலையில் துணி ஆணியில்தான் இருந்தது என்று பலர் சொல்கிறார்கள். சாயங்காலம் கதவைத் திறக்கப் போனபோது அது இடுக்கில் இறுக்கமாக அடைத்திருந்தது. உள்ளே இருந்தவள் வெளியே வந்து அடைத்துவிட்டுத் திரும்ப உள்ளே போயிருக்க முடியாது. ஆக, காற்று வர இருந்த கடைசி வழியை யாரோ அடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"அது யாருன்னு எனக்குத் தெரியணும், மேடம்," என்றாள் ஸஹ்லா, லிங்கராஜின் முதலாளி முத்துச்செல்வியிடம். "என் முன்னால கொண்டுவந்து நிறுத்துங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அதோடு விட்டிருந்தால் லிங்கராஜ் ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பான். எழுந்து போகும்போது அவள் இன்னொன்றும் சொன்னாள். பழைய துணியைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டது. புதுசாக ஒன்று தைத்து ஆணியில் மாட்டினார்கள். இருட்டறைக்குள் இப்போது யாரும் வேலை செய்வதில்லை, அந்தத் துணியை யாரும் தொடுவதும் இல்லை. ஆனால் மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், புதுத் துணி கதவடியில் போய் உட்கார்ந்திருக்கிறது. எடுத்து மாட்டினால் மறுநாளும் அதே கதை. லாத்தா என்னவோ சொல்ல வருகிறாள், எனக்குத்தான் புரியவில்லை என்று சொல்லி அழுதாள்.

காலையில் முத்துச்செல்வி ஸ்கூட்டரை ஓட்ட, லிங்கராஜ் பின்னால் உட்கார்ந்திருந்தான். முத்துச்செல்வி சுங்கத்துறையில் கன்டெய்னர்களின் வயிற்றைக் கிளறியே பாதி ஆயுளைக் கழித்தவள். மேலதிகாரியோடு ஒத்துவராமல் வேலையை விட்டுவிட்டு, துப்பறியும் ஆபீஸ் போர்டு மாட்டியவள். லிங்கராஜ் க்ளியரிங் ஏஜெண்ட் ஒருவரிடம் இருந்தவன். அவளிடம் மாட்டி மாட்டி அலுத்துப்போய், கடைசியில் அவளிடமே வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

ஆராய்ச்சிக்கூடம் ஒரு காலத்தில் உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி. பெயிண்ட் அடித்து, ஏசி வைத்து, கண்ணாடிக் கதவு போட்டிருந்தாலும், பக்கவாட்டுச் சுவரைப் பார்த்தால் பூர்வீகம் தெரிந்துவிடும். அந்தச் சுவரில் உயரே இருந்த எக்ஸாஸ்ட் ஃபேனை, உப்புக் குவியலை மூடுகிற கறுப்புத் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஃபேனுக்கு என்ன குளிர்காய்ச்சலா என்று லிங்கராஜ் கேட்டான். முத்துச்செல்வி அண்ணாந்து ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டு நடந்தாள். அவள் அப்படிப் பார்த்தால் விஷயம் உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

கூடத்தின் தலைவர் சிவபாலன் வாசலிலேயே நின்றிருந்தார். இனித் துப்பறிய ஒன்றுமில்லை என்றார். நேற்று ராத்திரியே அட்டெண்டர் சுடலைராஜைப் போலீஸ் பிடித்துவிட்டதாம். அவன் குடித்துவிட்டு வந்ததை ருஷ்தா மேலிடத்தில் சொல்லியிருக்கிறாள். உன்னை உள்ளே வைத்து அடைத்துவிடுவேன் என்று அவன் நாலு பேர் முன்னால் கத்தியிருக்கிறான். நைட்ரஜன் கேனை உள்ளே கொண்டுபோய் வைத்ததும் அவன்தான். இன்று சாயங்காலம் கொலைக் கேஸில் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தப் போகிறார்கள் என்று சொன்னபோது அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. தாழ்வாரத்துக் காமிராவைப் பற்றி முத்துச்செல்வி கேட்டாள். உப்புக் காற்றில் அது செத்துப் பல மாதம் ஆகிவிட்டதாம்.

ஸஹ்லா இருட்டறையைத் திறந்து சிவப்பு விளக்கைப் போட்டாள். உள்ளே எட்டிப் பார்த்த லிங்கராஜ் அப்படியே நின்றுவிட்டான். மேஜைக்கு முன்னால் நாற்காலியில் யாரோ முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"அது லாத்தாவோட கோட்டு," என்றாள் ஸஹ்லா. "புழுக்கமா இருந்தா கழட்டி நாற்காலியிலயே போட்டுருவா. அன்னைக்குக் கிடந்த மாதிரியே கிடக்கு. எடுக்க மனசு வரலை."

வெள்ளைக் கோட்டு சிவப்பு வெளிச்சத்தில் ரத்தச் சிவப்பாக இருந்தது. நாற்காலி முதுகுக்குத் தோள் முளைத்த மாதிரி. லிங்கராஜ் அதைச் சுற்றிக்கொண்டு சுவரோரமாகவே போனான்.

அந்த அறையில் என்னதான் செய்கிறார்கள் என்று முத்துச்செல்வி கேட்க, ஸஹ்லா பொறுமையாகச் சொன்னாள். முத்துச்சிப்பி கடலடிப் பாறையை ஒரு நாரால் பிடித்துக்கொண்டு கிடக்கும். எந்த அலைக்கும் விடாத நார். அந்த மாதிரிப் புரத நாரைக் கண்ணாடிக் குழாய்க்குள்ளேயே வளர்த்து, ஆபரேஷன் காயத்தை ஒட்ட உபயோகப்படுத்துவதுதான் ருஷ்தாவின் வேலை. கஷ்டம் என்னவென்றால், புரதத் துணுக்குகளைச் சும்மா விட்டால் கண்ட நேரத்தில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டுவிடும். நாம் சொல்லும்போதுதான் கோக்க வேண்டும். அதற்காக ருஷ்தா ஒரு பாலிமர் செய்திருந்தாள். இருட்டில் அது ஒவ்வொரு துணுக்கையும் தனித்தனியாகச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். நீல வெளிச்சம் பட்டால் சுருண்டு பிடியை விட்டுவிடும். வெயிலில் நீலமும் கலந்திருப்பதால் பகல் வெளிச்சம் பட்டாலும் விட்டுவிடும். சிவப்பு வெளிச்சத்தை மட்டும் அது கண்டுகொள்ளாது.

லிங்கராஜ் கோட்டைப் பார்க்காமலிருக்க ஏதாவது பேசியாக வேண்டியிருந்தது. "அதாவது, கோயில் கொடைக் கூட்டத்துல ஒவ்வொருத்தன் கையையும் ஒரு போலீஸ்காரன் பிடிச்சிருக்கான். நீல லைட்டைக் கண்டா விட்டுருவான். உடனே எல்லாவனும் கைகோத்துக்கிடுவானுவ. இருட்டுனா போலீஸ் வந்து மிச்சவன் கையைப் பிடிச்சுக்கிடுவான். ஆனா கோத்தவன் கோத்தவன்தான். சரியா?"

ஸஹ்லா முதல் தடவையாகச் சிரித்தாள். "லாத்தா இருந்திருந்தா உங்களைப் பாடம் எடுக்கச் சொல்லியிருப்பா."

பிறகு அவள் குளிர்பெட்டியிலிருந்து, அலுமினியத் தாள் சுற்றிய ஒரு ஸ்டாண்டை எடுத்து வைத்தாள். ருஷ்தா கடைசியாக நிரப்பிய குழாய்கள். அன்று சாயங்காலம் ருஷ்தாவைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிய பிறகு, இவள்தான் அவற்றைத் தாளில் பொதிந்து உள்ளே வைத்திருக்கிறாள். அப்புறம் ஒரு தடவைகூடப் பிரிக்கவில்லை.

"அத்தனை அழுகைக்கு நடுவுல என் கை தானா அதைச் செஞ்சுது, மேடம். வெளிச்சம் படக்கூடாதுல்ல. இங்க வேலை பாக்குற எல்லாருக்குமே அப்படித்தான். கதவைத் திறந்தா, அடுத்த நொடி மூடிருவோம்."

தாளைப் பிரித்தாள். பெரிய ஸ்டாண்ட், ஆனால் நிரப்பியிருந்தது ஒன்பது குழாய்கள்தான். ஒவ்வொன்றின் அடியிலும் மயிரிழை கனத்தில் ஒரு வெள்ளைக் கோடு. அதன்மேல் பஞ்சு மாதிரி கனமாக இன்னொரு படிவு. வெளிச்சம் படும்போதெல்லாம் நார் உண்டாகி, மெல்ல இறங்கி அடியில் படியும் என்றாள் ஸஹ்லா. மேலே இருக்கிற கனத்த படிவு சாயங்காலத்தது. சிவபாலன் கதவை அகலத் திறந்து, எல்லோரும் ஓடி வந்து, ட்யூப் லைட்டையும் போட்டுவிட்ட நேரம். கீழே இருக்கிற மெல்லிய கோடு மத்தியானத்தது.

"மத்தியானம் யாரு திறந்தா?"

"நான்தான். போலீஸ்லயும் சொல்லியிருக்கேன். ளுஹர் தொழப் போறப்போ லேசாத் திறந்து, லாத்தா, போயிட்டு வாரேன்னு சொன்னேன். அவ பதில் சொல்லலை. கையில வேலை இருந்தா நாங்க யாரும் வாயைத் திறக்கமாட்டோம், அளவு தப்பிரும். கதவை மூடிட்டுப் போயிட்டேன். அப்போ நல்லாத்தான் உக்காந்திருந்தா, மேடம். அதுக்குப் பிறகுதான் யாரோ வந்து துணியை அடைச்சிருக்காங்க."

முத்துச்செல்வி குழாய்களை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தாள். பிறகு கடைசியிலிருந்து முதல்வரை பார்த்தாள். ருஷ்தா இவற்றை எப்படி நிரப்புவாள், எல்லாவற்றையும் ஒரே மூச்சிலா என்று கேட்டாள். இல்லை, ஒன்றை முடித்து வைத்துவிட்டுத்தான் அடுத்தது, ஸ்டாண்ட் நிறையச் சாயங்காலம் ஆகிவிடும் என்றாள் ஸஹ்லா. முத்துச்செல்வி நாற்காலிக் கோட்டைத் திரும்பிப் பார்த்தாள். குழாய்களை மறுபடி பொதிந்து வைக்கச் சொல்லிவிட்டு லிங்கராஜைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

போலீஸ் ஸ்டேஷனில் அவளுக்குத் தெரிந்த இன்ஸ்பெக்டர் இருந்தார். அன்று துணியை எடுப்பதற்கு முன்னால் பிடித்த போட்டோவைக் காட்டினார். கதவைத் திறந்த பிறகும் அதன் அடியிலேயே சிக்கிக் கிடந்த துணி, நடுவில் மட்டும் உள்ளே குழிந்திருந்தது. முத்துச்செல்வி போட்டோவைப் பார்த்துவிட்டு, சுடலைராஜின் செருப்பைக் கழற்றச் சொன்னாள். வலது காலில் முன்பாதமே இல்லை. துறைமுகத்தில் கூலி வேலை பார்த்தபோது கன்டெய்னர் கதவு நசுக்கியது. ஒரு போர்வையைச் சுருட்டிக் கொடுத்து லாக்கப் கதவடியில் அடைக்கச் சொன்னதற்கு, அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இரண்டு கையாலும் அமுக்கினான். குழி எங்கேயும் இல்லை.

"அந்தப் புள்ள என்னை ஏசுனது நெசம், நானும் ஏசுனது நெசம்," என்றான் சுடலைராஜ். "குடிச்சுட்டு வந்தது என் தப்புதானம்மா. நோம்பு மாசத்துல எனக்குன்னு தூக்குச்சட்டியில கஞ்சி கொண்டாந்து தருவா. நான் அவளுக்கு அப்படிச் செய்வனா?"

வெளியே வந்ததும், அப்படியானால் இது பேய் வேலைதான் என்று தீர்ப்பு சொல்லிவிட்டான் லிங்கராஜ்.

"பேய்க்குக் கால் கிடையாதுன்னுல்லாலே சொல்லுதானுவ," என்றாள் முத்துச்செல்வி. "துணியில இருக்கது பெருவிரல் பட்ட குழி. இது நின்னமேனிக்கு ஒரு கால் தள்ளுனது."

அவர்கள் திரும்பி வந்தபோது உச்சி வெயில். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். துணி ஆணியில்தான் தொங்குகிறது என்று லிங்கராஜ் தொட்டே பார்த்துக்கொண்டான். தொட்ட விரலைப் பேண்டில் துடைத்துக்கொண்டான். இருட்டறைக்கு எதிரே சாமான் அறை. அதற்குள் நின்று கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டார்கள். ஜன்னல்களிலிருந்து வெயில் தாழ்வாரம் முழுக்கக் கொட்டிக் கிடந்தது. பட்டப்பகலில் இப்படி ஒரு பயம் வரும் என்று அவன் நினைத்ததே இல்லை. செல்போனில் வீடியோவைப் போட்டுக் கதவிடுக்கில் பிடித்தான்.

எங்கேயோ ஒரு போனில் பாங்கு ஒலித்தது. அதன் பின்னாலேயே செருப்புச் சத்தம் கேட்டது.

ஸஹ்லா வந்தாள். தாழ்வாரக் கோடியில் இருந்த தொழுகை அறைக்குப் போகிறவள், இருட்டறைக் கதவருகே நின்றாள். லேசாகத் திறந்து, உள்ளே பார்த்து, உதட்டுக்குள் என்னவோ சொன்னாள். கதவைச் சட்டென்று மூடினாள். அவள் இடது கை ஆணியிலிருந்து துணியை எடுத்துக் கீழே போட்டது. வலது கால் பெருவிரல் அதை இடுக்குக்குள் ஒரு தள்ளுத் தள்ளியது. கண் அங்கே இல்லை. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள்.

லிங்கராஜுக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. இந்தப் பிள்ளையா கொன்றது என்று அவன் முணுமுணுத்தான்.

"கொன்னவ குழாயைத் தாள்ல பொதிஞ்சு வச்சிருந்து நம்மகிட்டக் காட்டுவாளா? அவளுக்கே தெரியாதுலே," என்றாள் முத்துச்செல்வி.

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அப்படியானால் சொல்ல வேண்டாம், ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்று கெஞ்சினான். இதைத் தெரிந்துகொண்டு அந்தப் பிள்ளை எப்படி உயிரோடு நடமாடும் என்று கேட்டான். முத்துச்செல்விக்கும் கண் கலங்கியிருந்தது.

"சாயங்காலம் அங்கன ஒருத்தன் கொலைகாரன்னு கோர்ட்டுல நிக்கப் போறான். நான் எப்படிலே சொல்லாம இருக்க?"

தொழுதுவிட்டுத் திரும்பி வந்த ஸஹ்லா, கதவடியில் துணியைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. எதிர் அறையிலிருந்து வெளியே வந்தவர்களிடம், "பாத்தீங்களா, வந்துட்டுப் போயிருக்கா," என்றாள். "நீங்க இங்கதான இருந்தீங்க? யாரு வந்தா?"

முத்துச்செல்வி செல்போனை அவள் கையில் கொடுத்தாள்.

ஸஹ்லா அதை ஒரு தடவை பார்த்தாள். திரும்ப ஓடவிட்டுப் பார்த்தாள். தினமும் கதவைத் திறந்து லாத்தாவுக்கு ஸலாம் சொல்லிவிட்டுப் போவது ஞாபகம் இருக்கிறது என்றாள். துணி ஞாபகமில்லை. இந்தத் துணியைத் தொட்டதாக எந்த ஞாபகமும் இல்லை. தன் வலது காலை யாருடைய காலோ என்பது போலக் குனிந்து பார்த்தாள்.

"அன்னைக்கும் இப்படித்தானா?" என்று கேட்டாள். உடனே தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். அன்றைக்கு லாத்தா உள்ளே வேலையாகத்தான் இருந்தாள். முதுகு தெரிந்தது. துணியை அடைத்தது தானேயானாலும், அப்போது அவள் நன்றாகத்தான் இருந்தாள்.

"அந்தக் குழாயை இன்னொரு தடவை பாரு," என்றாள் முத்துச்செல்வி. ஸஹ்லா இருட்டறைக்குள் போய்ச் சிவப்பு விளக்கைப் போட்டுக் குழாய்களைப் பிரித்தாள். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். கடைசிக் குழாயைப் பிடித்தபடி ரொம்ப நேரம் நின்றாள்.

"ஒன்பதுலயும் கீழ்க்கோடு இருக்கு," என்றாள். குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. "மத்தியானத்துக்குப் பிறகு அவ வேலை பாத்திருந்தா, அதுக்கப்புறம் ரொப்புன குழாய்ல கீழ்க்கோடு இருக்காது. சாயங்காலப் படிவு மட்டும்தான் இருக்கும். அப்படி ஒண்ணுகூட இல்லை. நான் கதவைத் திறந்தப்போ ஒன்பதும் இங்க இருந்திருக்கு. அதுக்குப் பிறகு அவ ஒண்ணுகூட ரொப்பலை."

அவள் திரும்பி நாற்காலியைப் பார்த்தாள். கோட்டு தோளைக் குனிந்து உட்கார்ந்திருந்தது. ருஷ்தா கிடந்தது மேஜைக்கு அந்தப் பக்கம், தரையில். கதவிலிருந்து பார்த்தால் தெரியாத இடம்.

"அப்ப உசிரு இருந்துச்சா, மேடம்?"

"தெரியாது," என்றாள் முத்துச்செல்வி. "எனக்கும் தெரியாது, இந்தக் குழாய்க்கும் தெரியாது. தெரிஞ்ச ஒண்ணைச் சொல்லுதேன், கேளு. அவளைக் கொன்னது உன் துணி இல்லை ஏளா. இந்த அறை ஃபேனை வெளிய தார்ப்பாய் போட்டு அடைச்சிருக்கே, அது. அந்த ஃபேன் ஓடியிருந்தா கேன் ஒழுகுனாலும் காத்து மாறியிருக்கும். யாரு அடைக்கச் சொன்னா?"

சிவபாலன்தான் என்றாள் ஸஹ்லா. ஃபேன் வழியாக வெளிச்சம் வருகிறது என்று அவளும் ருஷ்தாவும்தான் போய்ச் சொன்னார்களாம். வெளிச்சம் புகாத கூண்டு ஒன்று போட்டுத் தருகிறேன் என்று சொன்னவர், தார்ப்பாயோடு நிறுத்திக்கொண்டார். அந்த மனிதர் ஏன் கொலை கொலை என்று அவ்வளவு ஆசைப்பட்டார் என்பது லிங்கராஜுக்கு இப்போது விளங்கியது. ஸ்டேஷனிலேயே சொல்லியாயிற்று, இன்ஸ்பெக்டர் தார்ப்பாயைப் பார்க்க வந்துகொண்டிருக்கிறார் என்று முத்துச்செல்வி சொன்னாள். அதைக் கேட்ட மாதிரியே ஸஹ்லா காட்டிக்கொள்ளவில்லை.

லிங்கராஜ் சிவப்பு வெளிச்சத்திலேயே ஒன்பது குழாய்களையும் படம் பிடித்தான். முத்துச்செல்வி அவற்றைத் தாளில் பொதிந்து கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். ஸ்டேஷனுக்கு நானும் வருகிறேன் என்றாள் ஸஹ்லா. அந்த அட்டெண்டர் அண்ணனை வெளியே விடச் சொல்லி என் வாயாலேயே சொல்ல வேண்டும் என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலாம் என்று லிங்கராஜுக்கு இருந்தது.

மூன்று பேரும் வெளியே வந்தார்கள். ஸஹ்லாவின் கை வழக்கம்போலக் கதவை இழுத்துச் சாத்தியது. கால் பெருவிரல் துணியைத் தேடிப் போனது. பாதி வழியில் அது நின்றது.

அவள் குனிந்து துணியைக் கையில் எடுத்தாள். கதவைச் சுவரில் போய் இடிக்கும்வரை அகலத் திறந்தாள். அது திரும்பி வந்து மூடிக்கொள்ளாமலிருக்க, சுருட்டிய துணியை அதன் அடியில் செருகினாள். தாழ்வாரத்து வெயில் அறைக்குள் பாய்ந்தது. நாற்காலியில் கிடந்தது வெள்ளைக் கோட்டு மட்டும்தான் என்பது இப்போது நன்றாகத் தெரிந்தது.

"லாத்தா, போயிட்டு வாரேன்," என்றாள் ஸஹ்லா.

சொல்லிவிட்டு, இந்தத் தடவை, பதில் வருகிறதா என்று நின்று பார்த்தாள்.